37 அங்குல டயருக்கு ஈயமா, மணியா?

என் ஜீப் கிளாடியேட்டர் பிக்கப் வண்டியின் முன் வலது சக்கரத்துக்கு மட்டும் 11 அவுன்ஸ் எடை ஒட்டிக் கொடுத்தார்கள். கிராமில் சொன்னால் 312. டிஸ்க்கின், அதாவது டயரை மாட்டும் உலோகச் சக்கரத்தின், உட்புறத்தில் மூன்று வரிசையாகச் சாம்பல் நிற எஃகுக் கட்டிகள், செங்கல் அடுக்கியதுபோல. சமன் பார்க்கும் இயந்திரத்தின் திரையில் இரண்டு பக்கமும் பூஜ்யம் வந்ததை நானே நின்று பார்த்தேன். கடையை விட்டு நெடுஞ்சாலை ஏறி 58 மைல் வேகம் தொட்டதும் ஸ்டீயரிங் உதறத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த மனைவி கையிலிருந்த காபிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க, புது டயர் போட்ட வண்டி இப்படியா உதறும்?" என்றாள். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்க எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. சக்கரத்தைச் சமன் செய்ய டிஸ்க்கில் எடை ஒட்டுவதா, டயருக்குள் சிறு மணிகளைக் கொட்டுவதா என்பதுதான் அந்த ஓராண்டின் கதை.

நான் கொலராடோ மாநிலத்தின் அரோராவில் இருக்கிறேன். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. மாதத்தில் ஒரு வார இறுதியாவது மலைக்கோ பாலைநிலத்துக்கோ கிளம்பிவிடுவோம். வண்டியோடு வந்த டயர்கள் சுமார் 32 அங்குல உயரம். 2023 ஏப்ரலில் அவற்றைக் கழற்றிவிட்டு 37 அங்குல உயரமும் பன்னிரண்டரை அங்குல அகலமும் உள்ள சேற்று டயர்களைப் போட்டேன். டிஸ்க் 17 அங்குலம். டயர் மட்டும் 70 பவுண்டு. டிஸ்க்கோடு சேர்த்தால் 100 பவுண்டை நெருங்கும். ஒரு மூட்டை நெல்லைத் தூக்குவதுபோலத்தான் அதைத் தூக்க வேண்டியிருக்கிறது.

இந்த அளவுச் சக்கரத்தில் ஒரு சிறிய எடை வேறுபாடு என்ன செய்யும் என்று ஒருநாள் காகிதத்தில் கணக்குப் போட்டேன். மணிக்கு 65 மைல் வேகத்தில் 37 அங்குலச் சக்கரம் நொடிக்குச் சுமார் 10 முறை சுழல்கிறது. டிஸ்க்கின் ஓரத்தில் 8 அவுன்ஸ் கூடுதலாக இருந்தால், அது வெளிநோக்கி இழுக்கும் விசை 19 கிலோ எடைக்குச் சமம். அதாவது 19 கிலோ கல் ஒன்று நொடிக்குப் பத்துத் தடவை அச்சை மேலும் கீழுமாக உலுக்குகிறது. வேகம் இரட்டிப்பானால் இந்த விசை நான்கு மடங்காகிறது. காரில் கால் அவுன்ஸ், அரை அவுன்ஸ் என்று பேசுகிறவர்களுக்கு இந்த எண்கள் பயமுறுத்தும். சேற்று டயரில் இது சாதாரணம். அதன் கனமான பட்டன்களை, அதாவது தரையைப் பற்றும் ரப்பர்க் கட்டைகளை, வார்ப்பு அச்சில் வார்க்கும்போது ஒரே சீராக ரப்பர் விழுவதில்லை.

முதலில் ஈயத்தைப் பற்றி. இப்போது வருபவை பெரும்பாலும் எஃகு அல்லது துத்தநாகம்தான். சாலையில் உதிர்ந்து அரைபட்டுத் தூளாகிறது என்பதால் ஐரோப்பாவில் 2005 முதல் கார்களுக்கு ஈய எடை தடை. கலிபோர்னியாவில் 2010 முதல். ஆனாலும் எங்கள் ஊர்ப்பக்கம் எதை ஒட்டினாலும் 'ஈயம்' என்றுதான் சொல்வோம். நானும் அப்படியே சொல்கிறேன். எஃகு ஈயத்தைவிட லேசானது என்பதால் அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கிறது. 11 அவுன்ஸுக்கு மூன்று வரிசை ஒட்ட வேண்டி வந்தது அதனால்தான். மூன்றாவது வரிசை பிரேக் காலிப்பரை உரசாமல் தப்பியது ஒரு விரற்கடை இடைவெளியில்.

ஒட்டிய ஈயத்துக்கு எதிரி கல். மே மாதம் யூட்டாவின் மோவாபுக்குப் போனோம். அரோராவிலிருந்து ஏறத்தாழ 360 மைல். அங்கே சேண்ட் பிளாட்ஸ் பகுதியில் 'ஃபின்ஸ் அண்ட் திங்ஸ்' என்றொரு பாதை. மீன் துடுப்பைப்போல எழுந்து நிற்கும் மணற்பாறைகளின் முதுகில் ஏறி இறங்க வேண்டும். டயரில் காற்றை 13 பவுண்டுக்கு இறக்கிவிட்டால் ரப்பர் பாறையைக் கையால் பற்றுவதுபோலப் பற்றும். மாலையில் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தபோது பின் இடது டிஸ்க்கில் ஒரு வரிசை ஈயமே இல்லை. பசை மட்டும் கறுப்பாக ஒட்டியிருந்தது. பாறைக்கும் டிஸ்க்குக்கும் இடையில் சிக்கிய கூழாங்கல் வழித்து எடுத்துவிட்டது. திரும்பும் வழியில் இருக்கையின் அடியில் அதிர்வு. ஸ்டீயரிங் உதறினால் முன் சக்கரம், இருக்கை உதறினால் பின் சக்கரம் என்பது பழைய கணக்கு. அன்று அது சரியாகவே இருந்தது.

ஜூனில் மறுபடி ஒட்டினோம், ஒரு சக்கரத்துக்கு 30 டாலர். ஆகஸ்டில் மறுபடி விழுந்தது, இம்முறை சேறு. டிஸ்க்கின் உட்புறம் அப்பிய செம்மண் காய்ந்து பெயரும்போது கட்டியையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. டிஸ்க்கின் விளிம்பில் கொக்கியோடு அடித்துப் பொருத்தும் வகை இவ்வளவு எளிதில் விழாது. ஆனால் வெளிவிளிம்பில் அதைப் பொருத்தினால் முதல் பாறையே தட்டிவிடும். என் டிஸ்க்கின் வெளிவிளிம்பில் அதற்கு இடமும் இல்லை.

அக்டோபரில்தான் மணிக்கு மாறினேன். கண்ணாடி மணிகள், கேழ்வரகைவிடச் சற்றுச் சிறியவை. டயருக்குள் 10 அவுன்ஸ் கொட்டிவிட வேண்டியதுதான். எங்கும் ஒட்டுவதில்லை. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 85 டாலர் ஆயிற்று, வடிகட்டி வைத்த வால்வு பின்கள் உட்பட. சந்தையில் பீங்கான் மணியும் கிடைக்கிறது. வேலை செய்யும் விதம் இரண்டுக்கும் ஒன்றே.

அந்த விதத்தைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது வீட்டுத் துவைக்கும் இயந்திரம். மேலே மூடி திறக்கும் வகையில், தொட்டியின் வாயைச் சுற்றி ஒரு தடித்த வளையம் இருக்கும். அதற்குள் உப்பு நீர். துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால், தொட்டி வேகமாகச் சுழலும்போது அந்த நீர் எதிர்ப்பக்கம் ஒதுங்கி ஆட்டத்தைக் குறைக்கிறது. டயருக்குள் மணி செய்வதும் இதுவே. சக்கரம் இரும்பில் முறுக்கி வைத்ததல்ல. கீழே டயரின் காற்று, மேலே சுருள்வில், இரண்டுக்கும் நடுவில் துள்ளக்கூடிய ஒன்று. அதற்கென்று இயல்பான ஒரு துள்ளல் வேகம் உண்டு. சுழற்சி அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால், கனமான பக்கம் வெளியே தள்ளும் கணத்தில் அச்சு அதற்கு ஈடுகொடுத்து நகர முடியாமல் பின்தங்குகிறது. சக்கரம் தன் நடுவில் சுழலாமல் கனத்தை நோக்கிச் சற்று விலகிய புள்ளியைச் சுற்றுகிறது. அப்போது லேசான பக்கம்தான் சுழலும் புள்ளியிலிருந்து அதிகத் தொலைவில் இருக்கும். சுதந்திரமாக உருளும் மணி எப்போதும் அதிகத் தொலைவைத் தேடி ஓடும். எங்கே எடை வேண்டுமோ அங்கே தானாகப் போய் நிற்கிறது.

இதிலேயே மணியின் குறையும் அடங்கியிருக்கிறது. துள்ளல் வேகத்துக்குக் கீழே எல்லாம் தலைகீழ். கனமான பக்கம்தான் அதிகம் வெளியே போகிறது. மணியும் அந்தப் பக்கமே சேர்ந்து ஆட்டத்தைக் கூட்டுகிறது. இதை விற்பவர்கள் சொல்வதில்லை. நான் கற்றது கிளென்வுட் பள்ளத்தாக்கில். மோவாபுக்குப் போகும் ஐ-70 நெடுஞ்சாலை அங்கே கொலராடோ ஆற்றை ஒட்டிச் சுமார் 12 மைல் வளைந்து வளைந்து போகும். உலகத்தின் அழகான சாலைகளில் ஒன்று என்று நான் நம்புகிறேன். வேக வரம்பு 50. என் வண்டியில் மணி போட்ட பிறகு மிக மோசமான வேகம் சரியாக 47-லிருந்து 52 வரை. பள்ளத்தாக்கு முழுவதும் தரை மெல்ல நடுங்கிக்கொண்டே வந்தது. வெளியே வந்து 60 தொட்டதும், யாரோ கை வைத்து அழுத்திப் பிடித்ததுபோல நடுக்கம் நின்றது. யூட்டா எல்லைக்கு அப்பால் 80 வரை அனுமதி உண்டு. 72 மைலில் போனபோதும் குவளையில் இருந்த காபி சிந்தவில்லை. முன் வலது சக்கரத்தில் மட்டும் ஒரு மெல்லிய துடிப்பு மிச்சம் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். ஈயம் ஒட்டிய நாட்களில் இதே வேகத்தில் நான் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பேன்.

ஆகவே நகரத்துக்குள்ளும் 50 மைல் சாலைகளிலும்தான் உங்கள் ஓட்டம் என்றால் மணி உங்களுக்கானதல்ல. இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன்.

மணியை உள்ளே போடும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எல்லாரும் தவறுகிறார்கள். டயரை டிஸ்க்கில் ஏற்றும்போதே பையைப் பிரித்து உள்ளே கொட்டுவது எளிய வழி. நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன். ஆனால் டயர் ஏற்றுவதற்குப் பூசும் சோப்பு நீர் உள்ளே ஈரமாக இருந்தது. மணிகள் அதில் மாவுபோல ஒட்டிக்கொண்டன. முதல் 200 மைல் வண்டி முன்பைவிட மோசமாக ஆடியது. பணம் வீண் என்று நினைத்துவிட்டேன். பிறகு ஈரம் உலர உலர மணிகள் ஒவ்வொன்றாக விடுபட்டுச் சரியாயிற்று. டயர் ஏற்றிய பிறகு இரண்டு நாள் விட்டு, வால்வு வழியாகப் போடுவதே மேல். வால்வு பின்னைக் கழற்றி, குழாய் பொருத்திய புட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சக்கரத்துக்கு 25 நிமிடம். என் மகள் ஒரு சக்கரத்தை முழுமையாக அவளே செய்து முடித்தாள். பொறுமை எனக்கிருப்பதைவிட அவளுக்கு அதிகம்.

காற்றடிக்கும் இயந்திரமும் முக்கியம். வீட்டில் வைத்திருக்கும் சிறிய கம்ப்ரெசரின் தொட்டியில் தண்ணீர் சேரும். அதை வடிக்காமல் காற்றடித்தால் நீரும் உள்ளே போகும், மணி கட்டியாகும். காற்றடிக்கும் முன் தொட்டியின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடுவதை இப்போது நான் தவறவிடுவதே இல்லை.

அடுத்தது வால்வு. சாதாரண வால்வு பின் போட்டால் காற்று இறக்கும்போது ஒரு மணி வந்து அதன் வாயில் சிக்கும். பின் முழுமையாக மூடாது. மணியோடு கொடுத்த வடிகட்டி பின்களை மூன்று சக்கரத்தில் மாட்டிவிட்டு, நான்காவதில் மட்டும் பழைய பின்னையே மாட்டியிருந்தது ஒரு கடை. எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. மோவாபில் இரவு கூடாரம் போட்டு உறங்கி எழுந்தபோது அந்த டயரில் 4 பவுண்டு காற்றுதான் மிச்சம். ஒரு மணி, ஒரே ஒரு மணி, காரணம். எனவே மாட்டியவர் யாராக இருந்தாலும் நான்கு வால்விலும் நீங்களே பின்னைக் கழற்றிப் பாருங்கள். காற்று இறக்கும்போது வால்வு கடிகாரத்தின் 12 மணி இடத்தில் இருக்குமாறு வண்டியை நிறுத்துங்கள். மணிகள் அடியில் கிடக்கும், மேலே வராது. காற்றழுத்தம் பார்ப்பதற்கு முன் ஒரு நொடி காற்றை உள்ளே ஊதிவிட்டால் வாயில் நிற்கும் மணியும் உள்ளே போய்விடும். பின்னையே வெளியே இழுத்து வேகமாகக் காற்று இறக்கும் கருவிகள் உண்டே, நான் ஆசையாக வைத்திருந்தேன், அதை மணி போட்ட டயருக்குப் பயன்படுத்தவே கூடாது. மணிகள் ஊசித் தூறல்போல வெளியே பாயும். இப்போது பின்னை உள்ளேயே வைத்து இறக்கும் சாதாரணக் குழாய்தான் வைத்திருக்கிறேன். நான்கு டயரையும் 30-லிருந்து 13-க்கு இறக்கக் கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகிறது. அந்தக் கால் மணி நேரத்தில் தேநீர் போட்டுவிடலாம்.

டிஸ்க்கில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள், உள்ளே மணி இருக்கிறது என்று. பஞ்சர் பார்க்கிறவர் தெரியாமல் டயரைப் பிரித்தால் மணி முழுவதும் தரையில் கொட்டிவிடும். தெரியாமல் இயந்திரத்தில் ஏற்றினாலும் தொல்லைதான். சமன் பார்க்கும் இயந்திரத்தின் அச்சு துள்ளாது, அதனால் மணிக்கு எங்கே போவது என்று தெரியாது. ஒவ்வொரு முறை சுழற்றும்போதும் ஒரு புது எண் காட்டும். அதைப் பார்த்து, மணி ஏமாற்று வேலை என்று சொல்பவர்களும் உண்டு. அது இயந்திரத்தின் குற்றமும் இல்லை, மணியின் குற்றமும் இல்லை.

மணிகளின் ஓசையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மணிக்கு 5 மைல் வேகத்துக்கு மேலே போனதும் மணிகள் சுழற்சியில் டயரின் உட்சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன, ஓசை நின்றுவிடும். வாகன நிறுத்தத்தில் மெதுவாக நகரும்போது மட்டும், கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டால், முறத்தில் அரிசி புடைப்பதுபோல ஒரு சலசலப்பு வரும். எனக்குப் பிடித்த ஓசை அது. காற்றழுத்தம் காட்டும் உணர்கருவிக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

பொம்மைத் துப்பாக்கிக்குப் போடும் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளை மணிக்குப் பதிலாகப் போடுகிறவர்களும் பாதையில் இருக்கிறார்கள். விலை மலிவு. என்னோடு வரும் நண்பர் ஒருவர் அப்படித்தான் போட்டிருந்தார். இரண்டு ஆண்டு கழித்துப் பிரித்தபோது பாதிக் குண்டுகள் நொறுங்கி மாவாகிக் கிடந்தன. "அண்ணா, நீங்கள் சொன்னபோதே கேட்டிருக்கலாம்" என்றார். சமன் செய்வது சுற்றி உருளும் பொருள்; மாவு உருளாது.

இப்போது அந்த முன் வலது சக்கரத்துக்கு வருகிறேன். மணி போட்டு மற்ற மூன்றும் அடங்கிவிட்டன. இது மட்டும் அடங்கவில்லை. 62-க்கு மேல் மெல்லிய ஒரு துடிப்பு, நின்றபாடில்லை. முன் அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பார் தண்டின் ஆணிகளை முறுக்கு அளவுப்படி இறுக்கிப் பார்த்தேன், சக்கரம் திரும்ப உதவும் பால் ஜாயின்டு மூட்டுகளை ஆட்டிப் பார்த்தேன். முன் அச்சு ஒரே துண்டாக இருக்கும் வண்டிகளில் இவை தளர்ந்தால் ஸ்டீயரிங் கட்டுக்கடங்காமல் ஆடும். ஈயமோ மணியோ அதைத் தீர்க்காது. எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. மணியை இன்னும் 2 அவுன்ஸ் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா நாமக்கல்லில் 30 ஆண்டு டயர் ரீட்ரேடிங் பட்டறை நடத்தியவர். லாரிக்குக் கூடு கட்டும் ஊர், டயரைத் தட்டிப் பார்த்தே நிலைமை சொல்லும் மனிதர்கள் நிறைந்த ஊர். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சக்கரம் வட்டமாக இருக்கிறதா என்று பார்த்தாயா கண்ணு?" என்றார். எடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "ஜாக்கி போட்டுத் தூக்கு. பட்டனுக்கு எதிரே ஒரு கட்டையை வைத்து, அதன்மேல் கையை ஊன்றிச் சாக்பீஸைப் பிடித்துக்கொள். சக்கரத்தைச் சுற்று. எங்கே கோடு விழுகிறதோ அதுதான் மேடு."

சுற்றினேன். முழுச் சுற்றில் கால் பங்குக்கு மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது, அதற்கு எதிர்ப்பக்கம் சாக்பீஸ் தொடவே இல்லை. இடைவெளி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். இத்தனை மாதமும் நான் எடையைக் கொண்டு வடிவத்தைத் திருத்தப் பார்த்திருக்கிறேன். மேடு உள்ள டயர் எடையில் எவ்வளவு சமமாக இருந்தாலும், அந்த மேடு தரையைத் தொடும்போதெல்லாம் அச்சைத் தூக்கிப் போடத்தான் செய்யும்.

அதன்பிறகு டென்வரில் உருளையை டயர்மீது அழுத்திப் பார்க்கும் இயந்திரம், ஹண்டர் நிறுவனத்தின் ரோட் ஃபோர்ஸ் வகை, வைத்திருக்கும் கடையைத் தேடிப் போனேன். மணியை முழுவதும் எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். அங்கே வேலை செய்த பெரியவர் செய்த முதல் காரியமே எனக்கு நம்பிக்கை தந்தது. சக்கரத்தை நடுத்துளையில் கூம்பு மட்டும் வைத்து மாட்டாமல், ஐந்து ஆணித்துளைகளிலும் விரல்போல நுழையும் தட்டை வைத்து மாட்டினார். வெளியே வாங்கிய டிஸ்க்கின் நடுத்துளை வண்டியின் அச்சுக்குக் கச்சிதமாக இருப்பதில்லை. அதை நம்பி மாட்டினால் இயந்திரமே சக்கரத்தைக் கோணலாகப் பிடிக்கும், பிறகு வரும் பூஜ்யத்துக்குப் பொருளே இல்லை. ஒருமுறை அளந்துவிட்டு, சக்கரத்தைத் தளர்த்தி அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி மாட்டி அளந்தார். இரண்டு முறையும் அதே எண் வந்த பிறகுதான் பேசினார். முதல் கடையில் இதில் எதையும் நான் பார்க்கவில்லை. அந்த 11 அவுன்ஸில் எவ்வளவு டயரின் கனம், எவ்வளவு மாட்டியதன் பிழை என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இயந்திரம் காட்டியது 78 பவுண்டு விசை வேறுபாடு, அதாவது ஒரு சுற்றுக்குள் டயர் உருளையைத் தள்ளும் விசை அவ்வளவு ஏறி இறங்கியது. டயரின் மேட்டை டிஸ்க்கின் பள்ளத்துக்கு நேராகக் கொண்டுவர, டயரை டிஸ்க்கில் பாதிச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பி ஏற்றினார். 41-க்கு இறங்கியது. புது டயரில் சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு, டயரின் மேட்டைக் காட்டுவது. மஞ்சள், லேசான இடம். அதை வால்வுக்கு நேராக வைத்து ஏற்றுவது வழக்கம். ஏப்ரலில் முதல்முறை ஏற்றியபோதே யாராவது அந்தப் புள்ளிகளைப் பார்த்திருந்தால் என் ஓராண்டு மிச்சமாகியிருக்கும். திருப்பி ஏற்றிய பிறகு அதே சக்கரம் ஈயமாகக் கேட்டது 5 அவுன்ஸ்தான். நான் ஈயம் வேண்டாம் என்று சொல்லி, உலர்ந்த மணி 10 அவுன்ஸை வால்வு வழியாகப் போட்டுக்கொண்டேன். அந்த வாரமே 70 மைலில் போய்ப் பார்த்தேன். மனைவி குவளையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

மணி போட்டு இதுவரை 19,000 மைல் ஓடியிருக்கிறது. நான்கு டயரின் பட்டன்களையும் 5,000 மைலுக்கு ஒருமுறை அளக்கிறேன். தேய்மானம் சீராக இருக்கிறது. கிண்ணம் குழிந்ததுபோன்ற தேய்மானம் எங்கும் இல்லை. சேற்றிலிருந்து வெளியே வந்து நெடுஞ்சாலை ஏறினால் டிஸ்க்கில் மண் ஒட்டியிருக்கும்போதே மணி அதற்கும் சேர்த்துச் சரிசெய்துகொள்கிறது. ஈயம் இதைச் செய்யவே முடியாது. பெரிய குழியில் விழுந்தால் மணிகள் ஒரு கணம் சிதறும், சில நொடி நடுக்கம் வரும், மீண்டும் அடங்கும். பக்கவாட்டில் தள்ளாடும் வகை ஆட்டத்தை, அதாவது டயரின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் எதிரெதிராகக் கனத்திருப்பதை, ஈயம் அளவுக்கு மணி சுத்தமாகத் தீர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 68 மைல் அருகே ஸ்டீயரிங்கில் விரல் நுனியில் மட்டும் தெரியும் ஒரு மெல்லிய அசைவு இன்னும் இருக்கிறது. பன்னிரண்டரை அங்குல அகலமுள்ள டயரில் அதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

35 அங்குலமோ அதற்குக் கீழோ, வாரம் முழுவதும் நெடுஞ்சாலை, எப்போதாவது மண் பாதை என்றால் ஈயம் ஒட்டுங்கள். விரல் தட்டு வைத்து மாட்டும் கடையாகப் பாருங்கள். 37 அல்லது அதற்கு மேல், பாறையிலும் சேற்றிலும் இறங்குகிறவர் என்றால் மணியை வாங்குங்கள், அதற்கு முன் டயர் வட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. அதற்குத் தேவை ஒரு ஜாக்கியும் ஒரு சாக்பீஸும்.

எனக்கு ஐந்தாவது சக்கரம் பாக்கி இருக்கிறது. ஸ்டெப்னி, ஏப்ரல் 2023-லிருந்து வண்டியின் பின்னால் சும்மா இருப்பது, அதே 37 அங்குலம். அதில் கடை ஒட்டிய 7 அவுன்ஸ் ஈயம் விழாமல் அப்படியே இருக்கிறது. சாலையில் அது இன்னும் சுழன்றதே இல்லை. போன ஞாயிறு அப்பா அதைத்தான் கேட்டார். வரும் சனிக்கிழமை அதைக் கழற்றி முன் அச்சில் மாட்டி, ஜாக்கி ஏற்றி, சாக்பீஸ் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அதற்கு ஈயமா மணியா என்று முடிவு செய்வேன்.